ஜமுக்காளத்தை விட்டு எழுந்திருத்தல்

எங்கள் ஊரில் முறை தவறி மடையைத் திறந்தால் அபராதம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எண்பதுகளில் அது 51 ரூபாய். தாமிரபரணியிலிருந்து வருகிற கன்னடியன் கால்வாயில் தண்ணீர் கரை புரண்டு போகிற நாட்களில் யாரும் இதைப் பற்றிப் பேசமாட்டார்கள். பிசானப் போகத்து நெற்பயிர் பொதி கட்டுகிற நேரத்தில் தண்ணீர் மட்டுப்பட்டதும்தான் ராத்திரியில் மண்வெட்டிச் சத்தம் கேட்கும். விடிந்ததும் யார் வயலில் ஈரம் கூடுதல் என்று நீர்பாய்ச்சி சொல்லிவிடுவார். சாயங்காலம் பிள்ளையார் கோவில் மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்தாயிற்று என்றால் யாருக்கோ அபராதம் என்று அர்த்தம்.

அபராதம் போடுவது கூட்டம். அதைத் தள்ளுபடி செய்கிற அதிகாரம் மட்டும் ஊர்த்தலைவர் ஒருவரிடம் இருந்தது. அதிலும் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. புருஷன் செத்த வருஷம் ஒரு ஆச்சி தன் அரை மரக்கால் விதைப்பாட்டுக்கு மடையைத் திறந்துவிட்டாள். கூட்டம் வழக்கம்போல 51 ரூபாய் என்றது. தலைவர் எழுந்து, “அந்தத் துட்டு வேண்டாம், விடுங்க” என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. கூட்டத்துக்கு முறை தெரியும், ஆனால் அந்த ஆச்சியின் அடுப்பு இரண்டு நாளாக எரியவில்லை என்பது தலைவருக்குத்தான் தெரிந்திருந்தது.

இரண்டு வருஷம் கழித்து அவர் இன்னொருவருக்கும் அதே வார்த்தையைச் சொன்னார். இந்தத் தடவை கூட்டத்தில் சொல்லவில்லை, வாய்க்கால் கரையில் வைத்துச் சொன்னார். அந்த இன்னொருவர் அவருடைய தங்கை புருஷன். அதற்கப்புறம் அபராதம் கட்டுகிற பழக்கமே ஊரில் நின்றுபோயிற்று. கேட்டால், “தலைவர்ட்ட சொல்லிக்கிடுதேன்” என்பார்கள். நீர்பாய்ச்சி ராத்திரி வரப்பில் போவதையே நிறுத்திவிட்டார். போய் என்ன ஆகப் போகிறது?

அப்போது என் தாத்தாதான் கூட்டத்தில் மூன்று விஷயம் கேட்டார். தள்ளுபடியைக் கூட்டத்தில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். நோட்டில் பெயர், தேதி, தொகை எழுதுகிற கட்டங்களுக்குப் பக்கத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் போட வேண்டும். மூன்றாவதுதான் பெரிய சண்டையானது: சொந்தக்காரன் விவகாரம் வந்தால், அது தலைவராகவே இருந்தாலும், ஜமுக்காளத்தை விட்டு எழுந்து போய் வெளியே உட்கார வேண்டும். தலைவர் அன்றைக்குத் தாத்தாவிடம் பேசுவதை நிறுத்தியவர், சாகிறவரைக்கும் பேசவில்லை.

மன்னிப்பு அதிகாரம் என்று செய்தியில் எங்கே பார்த்தாலும் எனக்கு இந்த ஜமுக்காளம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. 2024 டிசம்பர் 1 அன்று அமெரிக்க அதிபர் ஜோ பைடன் தன் சொந்த மகனுக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். தண்டிக்கப்பட்ட குற்றங்களுக்கு மட்டும் அல்ல, ஏறக்குறைய 11 வருஷத்தில் செய்தது, செய்திருக்கக்கூடியது எல்லாவற்றுக்கும். ஐம்பது நாள் கழித்து, 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற அதே நாளில் டிரம்ப் நாடாளுமன்றக் கட்டடத்தில் புகுந்து கலவரம் செய்த வழக்கில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு நிவாரணம் கொடுத்தார். அவர்கள் கலவரம் செய்ததே அவருக்காகத்தான். ஒருவர் மகனுக்கு, ஒருவர் தன் ஆட்களுக்கு. இரண்டு பேருமே ஜமுக்காளத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அங்கே எழுந்திருக்கச் சொல்கிற விதியும் இல்லை.

விதி இல்லாமல் போனது தெரியாமல் நடந்ததும் இல்லை. 1788-இல் வர்ஜீனியாவில் அந்த அரசியல் சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று விவாதித்தபோது ஜார்ஜ் மேசன் என்பவர் இதைத்தான் கேட்டார்: அதிபர் தானே தூண்டிவிட்ட குற்றத்தைத் தானே மன்னித்தால் என்ன செய்வீர்கள்? அந்தச் சட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான மாடிசன் சொன்ன பதில், அப்படிச் செய்தால் நாடாளுமன்றம் பதவி நீக்க விசாரணை நடத்தும் என்பது. இத்தனை வருஷத்தில் செனட் ஒரு அதிபரைக்கூடப் பதவி நீக்கம் செய்ததில்லை. 1974-இல் நிக்சன் பதவி விலகி ஒரு மாதம் முடிவதற்குள், அவரால் துணை அதிபர் ஆக்கப்பட்ட ஃபோர்டு அவருக்கு முழு மன்னிப்பு கொடுத்தார். குற்றப் பத்திரிகைகூடத் தாக்கல் ஆகியிருக்கவில்லை. இதை மாற்ற வேண்டுமென்றால் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும். அதற்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், 50 மாநிலங்களில் 38-உம் வேண்டும். ஆகிற காரியமா?

வேடிக்கை என்னவென்றால், இவர்கள் யாரிடமிருந்து பிரிந்து வந்தார்களோ அந்த இங்கிலாந்து இந்த ஓட்டையில் பாதியை அதற்கு முன்பே அடைத்துவிட்டது. 1679-இல் இரண்டாம் சார்லஸ் ராஜா, நாடாளுமன்றம் தன் மந்திரி டான்பியை விசாரிக்கத் தொடங்கியதும் அவருக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்துக் காப்பாற்றப் பார்த்தார். 1701-இல் வந்த சட்டம், நாடாளுமன்றம் நடத்துகிற அந்த விசாரணையை ராஜாவின் மன்னிப்பைக் காட்டித் தடுக்க முடியாது என்று எழுதிவைத்தது.

சரி, நம் ஊருக்கு வருவோம். அரசியல் சட்டத்தின் 72-ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்கும் 161-ஆவது பிரிவு ஆளுநருக்கும் தண்டனையை மன்னிக்க, குறைக்க, நிறுத்திவைக்க அதிகாரம் தருகிறது. படித்தால் ராஜா கையில் இருந்த செங்கோலை அப்படியே எடுத்துக் கொடுத்த மாதிரி இருக்கும். ஆனால் 1980-இல் மாரு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் செங்கோலில் ஒரு கயிற்றைக் கட்டியது. கையெழுத்து அவர்களுடையது, முடிவு அமைச்சரவையுடையது.

தமிழ்நாட்டில் இதை நேரில் பார்த்தோம். 1999 அக்டோபரில் ராஜீவ் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற நான்கு பேரின் கருணை மனுக்களை ஆளுநர் பாத்திமா பீவி, அமைச்சரவையைக் கேட்காமலே நிராகரித்தார். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி அவர். சட்டம் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, அமைச்சரவையிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்றது. 2000 ஏப்ரலில் நளினிக்கு மட்டும் ஆயுளாகக் குறைந்தது, மற்ற மூவருக்கும் இல்லை. மன்னிக்கிறவர் தனியாக மன்னிக்கக் கூடாது என்று மட்டுமே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். மறுக்கிறவரும் தனியாக மறுக்கக் கூடாது என்பது அந்த நவம்பரில்தான் எனக்கு உறைத்தது.

ஆனால் அமைச்சரவை என்பதும் யார்? கட்சிக்காரர்கள்தானே. ஊர்த்தலைவருக்குப் பதிலாக அவருடைய பங்காளிகள் ஐந்து பேர் கூடி உட்கார்ந்தால் நியாயம் வந்துவிடுமா? ஆந்திராவில் ஒரு கொலை வழக்கில் தண்டனை பெற்றவருக்கு ஆளுநர் மீதித் தண்டனையைத் தள்ளுபடி செய்தார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்து கோப்பைத் திறந்து பார்த்தால், அதிகாரி ஒருவருடைய அறிக்கையில் அவர் ‘நல்ல காங்கிரஸ் தொண்டர்’ என்று எழுதியிருந்தது. 2006-இல் நீதிமன்றம் அந்தத் தள்ளுபடியை ரத்து செய்தது. ஜாதி, மதம், கட்சி விசுவாசம் இவற்றைப் பார்த்துக் கொடுப்பது மன்னிப்பு ஆகாது என்று சொன்னது. உத்தரப் பிரதேசத்தில் அதற்கு முன்பே, 1998-இல், ஒரு சட்டமன்ற உறுப்பினருக்குக் கிடைத்த தள்ளுபடியும் இப்படித்தான் விழுந்தது: அவர் மீது வேறு வழக்குகள் இருந்ததையும் அவருடைய முந்தைய மனு நிராகரிக்கப்பட்டிருந்ததையும் ஆளுநரிடம் சொல்லாமலே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

எனக்கு அந்த ஆந்திர அதிகாரி மேல் கொஞ்சம் மரியாதைகூட உண்டு. காரணத்தை ஒளிக்காமல் எழுதிவைத்தாரே! எழுதாமல் விட்டிருந்தால் நீதிமன்றத்துக்குப் பிடி கிடைத்திருக்காது. இங்கேதான் எனக்கு மனசு ஒப்பவில்லை. அதே 2006 தீர்ப்பு சொல்வது இதுதான்: சரியான காரணம் இருந்தாக வேண்டும், ஆனால் அதை மனுதாரரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிற கடமை கிடையாது. நோட்டில் கட்டம் உண்டு, நோட்டு பெட்டிக்குள் இருக்கும். பெட்டியைத் திறக்க வேண்டுமானால் வக்கீல் வைத்து டெல்லிவரை போக வேண்டும். 51 ரூபாய் அபராதத்துக்கு எங்கள் ஊர் மண்டபத்தில் உரக்க வாசிக்கிற காரணத்தை, ஒரு கொலைத் தண்டனைக்கு வாசிக்கக் கூடாதா?

மானூரில் அம்பலவாண சுவாமி கோவிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற சாலையில், பஸ்ஸில் எத்தனையோ தடவை தாண்டிப் போயிருப்போம். மாறஞ்சடையன் என்ற பாண்டியன் காலத்தது, ஆயிரத்து இருநூறு வருஷம் பழசு. உத்திரமேரூர் கல்வெட்டுக்கு இருக்கிற பேர் இதற்கு இல்லை, ஆனால் இது அதற்கும் மூத்தது. ஊர்ச் சபையில் உட்காரத் தகுதி என்ன என்று சொல்லிவிட்டு, வருகிற காரியத்துக்கெல்லாம் ‘அன்று, அன்று’ என்று முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கும் அவர்களுக்குத் துணை நிற்கிறவர்களுக்கும் ஐந்து காசு தண்டம் என்கிறது. வேண்டாம் என்று சொல்வதும் ஓர் அதிகாரம், அதையும் கட்டிவைக்க வேண்டும் என்று ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சபை பிரமதேயத்துச் சபை, நிலம் உள்ள பிராமணர் மட்டும் உட்கார்ந்தது. எங்கள் ஊர் ஜமுக்காளமும் அப்படித்தான். அதில் ஒரு பெண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெருக்காரர்கள் மண்டபத்துப் படிக்குக் கீழே நின்றார்கள். தாத்தாவின் மூன்று விதிகளில் இது நான்காவதாகக்கூட இல்லை.

அதனால்தான் மேலவளவு என் நினைவை விட்டுப் போகவில்லை. மதுரை மாவட்டம், 1997 ஜூன் 30. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய ஊராட்சியில் ஜெயித்துத் தலைவரான முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை. 2008-இல் அண்ணா நூற்றாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகளை விடுவித்தபோது இந்த 17 பேரில் மூன்று பேர் வெளியே வந்தார்கள். 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை வைத்து 13 பேர் வந்தார்கள். இரண்டு ஆட்சி, இரண்டு தலைவர்கள், ஒரே வழி. தலைவர்களுடைய பிறந்தநாளுக்குக் கைதிகளை விடுவதில் எனக்குத் தகராறு இல்லை. ராஜாவுக்குப் பிள்ளை பிறந்தால் சிறை திறந்த வழக்கத்தின் மிச்சம் அது. பட்டியல் போடுகிற இடத்தில் செத்தவர்கள் வீட்டைச் சேர்ந்த ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். படிக்குக் கீழே நிற்கிறவர்களிடம் யார் கேட்கிறார்கள்?

குஜராத்தில் 2002 கலவரத்தில் கூட்டு வல்லுறவுக்கு ஆளான பில்கிஸ் பானுவின் வழக்கில் 11 பேரை 2022 சுதந்திர தினத்தன்று விட்டார்களே, அவர் நீதிமன்றம் போனார். வழக்கு நடந்தது மகாராஷ்டிரத்தில், அதனால் தண்டனையைக் குறைக்கிற உரிமை குஜராத் அரசுக்கே இல்லை என்று 2024 ஜனவரி 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்பியது. அது ஆளுநர் அதிகாரம் இல்லை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அரசுக்கு இருக்கிற தண்டனைக் குறைப்பு அதிகாரம். பெயர்தான் வேறு, திறக்கிற கேட் ஒன்றுதான்.

இவ்வளவும் எழுதிவிட்டு, மன்னிப்பே வேண்டாம் என்கிற கட்சிக்கு நான் போய்விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கயத்தாற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது வராது. 1799 அக்டோபர் 16: விசாரணை, தீர்ப்பு, தூக்கு எல்லாம் ஒரே நாளில், எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஆள், கம்பெனி மேஜர் பானர்மேன். கட்டபொம்மனுக்கு மனுப்போட ஓர் இடம் இல்லை. 1942-இல் குலசேகரப்பட்டினத்தில் உப்பு இலாகா அதிகாரி லோன் கொல்லப்பட்ட வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்கு என்று தீர்ப்பானது. தூக்கு ஆயுளாகக் குறைந்து, பின்னால் அவர்கள் உயிரோடு வெளியே வந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்திலேயே தீர்ப்புக்கு மேலே ஒரு கதவு இருந்தது. அதை நாம் மூடலாமா?

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி இருந்தார், சிறை வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்விடுதலைப் பட்டியல் வருகிற நாளைப் பற்றிச் சொல்வார். “பேரு இருக்கவன் அழுவான். பேரு இல்லாதவன் பேசவே மாட்டான், சோத்தையும் தொடமாட்டான். நமக்கு இவனப் பாத்தாத்தான் பயம்.” ஒரு வயசாளி விடுதலையாகி வெளியே வந்து, ஊருக்குப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாராம். அவர் சொன்ன இடத்தில் பஸ் நின்று பத்து வருஷம் ஆகியிருந்தது. அண்ணாச்சியே கூட்டிக்கொண்டுபோய் ஏற்றிவிட்டாராம். “அவரு வெளியே வந்து யாரை என்ன செய்யப் போறாரு? ஆனா அவரு பேரை எழுத ஆளு இல்ல. கட்சிக்காரன் பேரை எழுதப் பத்துப் பேரு வருவான்” என்பார். 14 வருஷம் முடியாமல் ஆயுள் கைதியை அரசு விடக் கூடாது என்று 1978-இல் ஒரு சட்டப் பிரிவு வந்ததே, அது தடுத்தது இந்த வயசாளி மாதிரி ஆட்களைத்தான். ஆள் பலம் உள்ளவனுக்கு ஆளுநரின் 161-ஆவது பிரிவு இருக்கிறது என்பது அண்ணாச்சியின் தீர்மானம். எனக்கு அதில் பாதிதான் சம்மதம், ஆனால் அவர் கேட்டில் நின்றவர்.

முடிவு சொல்லாமல் வைத்திருப்பது இன்னொரு கொடுமை. ‘சரி’ என்றும் சொல்லாமல் ‘இல்லை’ என்றும் சொல்லாமல் கோப்பை மேஜையில் வைத்திருக்கலாம். 2014 ஜனவரியில் சத்ருகன் சௌகான் வழக்கில் உச்ச நீதிமன்றம் 15 பேரின் தூக்கை ஆயுளாக்கியது. பெரும்பாலானோருக்குக் காரணம் கருணை மனுவை வருஷக்கணக்காகக் கிடப்பில் போட்டதுதான். அடுத்த மாதம் அதே காரணத்தில் ராஜீவ் வழக்கின் அந்த மற்ற மூவர், பேரறிவாளன், முருகன், சாந்தன், தூக்கிலிருந்து தப்பித்தார்கள். அவர்களுடைய மனு டெல்லியில் 11 வருஷம் கிடந்தது. அப்புறம் 2018 செப்டம்பர் 9 அன்று தமிழ்நாடு அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டு, 2021 ஜனவரியில் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டேன் என்றார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம், அமைச்சரவை சொன்னதுக்கு ஆளுநர் கட்டுப்பட்டவர், மேலே தள்ளிவிட வழியில்லை என்று சொல்லி, தன் சிறப்பு அதிகாரத்தில் பேரறிவாளனை விடுவித்தது. பத்தொன்பது வயதில் உள்ளே போனவர், முப்பத்தொரு வருஷம் கழித்து வந்தார். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு செத்த போலீஸ்காரர்களின் வீடுகளும் தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன. அந்த விடுதலையைக் கொண்டாட மனம் வராதவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கோப்பை எடுத்து ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதற்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 472-ஆவது பிரிவு தூக்குத் தண்டனைக் கருணை மனுவுக்குக் கெடு வைத்திருக்கிறது. கைதி 30 நாளில் மனுப்போட வேண்டும். ஆளுநர் மறுத்தால் 60 நாளில் குடியரசுத் தலைவருக்கு. மத்திய அரசு 60 நாளில் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் மட்டும் கெடு இல்லை. கடைசியில் ஒரு வரி: குடியரசுத் தலைவருடைய முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது. கைதிக்கு நாள் குறித்தாயிற்று, மேலே இருப்பவருக்கு நாளும் இல்லை, கேள்வியும் இல்லை. அரசியல் சட்டம் கொடுத்த மறு ஆய்வு அதிகாரத்தைச் சாதாரணச் சட்டம் போட்டு மூட முடியாது என்பதால் நீதிமன்றம் இந்த வரியைக் கண்டு ஒதுங்காது என்று நம்புகிறேன். ஆனாலும் இப்படி ஒரு வரியை எழுதத் தோன்றியிருக்கிறதே. “நான் சொல்லிட்டேன்லா, முடிஞ்சுது” என்று வாய்க்கால் கரையில் நின்று எங்கள் ஊர்த்தலைவர் சொன்னதைத்தான் சட்ட மொழியில் எழுதியிருக்கிறார்கள்.

தாத்தாவின் விதி முதலில் அவர் மேலேயே பாய்ந்தது. அடுத்த பிசானத்தில் மடையைத் திறந்தது என் சித்தப்பா. தாத்தா ஒன்றும் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஜமுக்காளத்தை விட்டு எழுந்து, மண்டபத்துக்கு வெளியே கல்தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்தார். அவர் முகத்துக்காக யாராவது தள்ளுபடி கேட்பார்கள் என்று என் ஆச்சி எதிர்பார்த்தாள். காரணக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. 51 ரூபாய் கட்டினோம். ஒரு வாரம் தாத்தாவுக்கு வந்த குழம்பில் உப்பு இல்லை.

இப்போது ஜமுக்காளம் கிடையாது, பிளாஸ்டிக் நாற்காலி. பெண்கள் வருகிறார்கள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர்தான் கணக்கு எழுதுகிறார். அபராதம் 1,001 ரூபாய். தலைவர் எனக்கு மாப்பிள்ளை முறை. போன பிசானத்தில் என் வயலைக் குத்தகைக்குப் பார்க்கிறவர் முறை தவறி மடையைத் திறந்துவிட்டார் என்று சேதி வந்தது. நான் பாளையங்கோட்டையில் இருந்து போன் போட்டு, “மாப்பிள்ள, இதைக் கொஞ்சம் பாத்து விட்டுரேன்” என்றேன்.

“அத்தான், நீங்க கூட்டத்துக்கு வாங்க. நான் எந்திரிச்சு வெளியே போயிருதேன், மத்தவங்க பேசட்டும். காரணம் என்னன்னு மட்டும் சொல்லிருங்க, நோட்டுல எழுதணும்லா” என்றான்.

கொஞ்ச நேரம் யோசித்தேன். ஜிபேயில் அனுப்பிவிட்டேன்.